டிவி, ரவுட்டர் ஃபர்ம்வேரை வாங்கியவரே போட்டுக்கொள்ள விடலாமா?

நீங்கள் கேட்டது இது: டிவியில் ஒரு கோளாறு. அதைச் சரிசெய்யும் புதிய ஃபர்ம்வேர் (பெட்டியை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) வந்துவிட்டது என்று கம்பெனியே ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஃபைலைக் கேட்டால், "சர்வீஸ் ஆள்தான் போட வேண்டும், நீங்கள் போட்டால் டிவி டெட் ஆகிவிடும்" என்கிறார்கள். இது நிஜமான ஆபத்தா, வெறும் சாக்கா? வீட்டு மின்னணுப் பொருள் எல்லாவற்றிலும் வாங்கியவரே ஃபர்ம்வேர் போட்டுக்கொள்ள விட்டால் என்ன கெட்டுவிடும்?

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கம்பெனி எழுதிய புதிய வெர்ஷனை, கம்பெனி ஆளுக்குப் பதிலாக நீங்கள் போடுவது ஒன்று. கம்பெனி எழுதாத வேறொரு ஃபர்ம்வேரைப் போடுவது இன்னொன்று. இரண்டாவதற்குச் சொல்ல வேண்டிய காரணங்களை முதலாவதற்குச் சொல்லித்தான் பெரும்பாலும் திருப்பி அனுப்புகிறார்கள். நான் பல வருடங்களாக ரவுட்டர், செட்-டாப் பாக்ஸ் மாதிரியான பெட்டிகளுக்கு ஃபர்ம்வேர் எழுதும் பக்கத்தில் இருந்தவன். அந்த அனுபவத்திலிருந்து பேசுகிறேன். வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் என் துறை இல்லை. அவற்றைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் மட்டும் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: கம்பெனியின் சொந்த ஃபைலை உங்களிடம் தராமல் இருக்கப் பெரிய தொழில்நுட்பக் காரணம் கிடையாது. இன்றைய டிவி, ரவுட்டர்களில் பெரும்பாலும் ஃபைல் டிஜிட்டல் கையொப்பத்தோடுதான் வரும். உள்ளே இருக்கும் மென்பொருள் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுதவே தொடங்கும். நடுவில் யாராவது ஒரு பைட்டை மாற்றியிருந்தாலும் ஏற்காது. சர்வீஸ் ஆள் பென் டிரைவில் கொண்டுவந்து போடுவதும் அதே ஃபைல், அதே சோதனை. அவர் கையில் மந்திரம் எதுவும் இல்லை.

அப்படியானால் அவர்கள் பயப்படுவது எதற்கு? தப்பான மாடலுக்குப் போட்டுவிடுவார்கள் என்பதற்கு. இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பெட்டியின் மேல் ஒரே பெயர் இருக்கும், உள்ளே போர்டு வேறாக இருக்கும். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பப் பதிப்புகளில் 4 எம்பி ஃபிளாஷ் (ஃபர்ம்வேர் தங்கும் நினைவகம்), 16 எம்பி ராம், உள்ளே ஓடியது லினக்ஸ். 2005-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் 2 எம்பி ஃபிளாஷ், 8 எம்பி ராம், ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்கிற வேறு இயங்குதளம். பெயர் அதே பெயர்தான். டிவியில் இது இன்னும் அதிகம். ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று இடங்களிலிருந்து பேனல், அதாவது படம் காட்டும் திரை, வாங்குவார்கள். வேறு பேனலுக்கான ஃபைலைப் போட்டால் டிவி ஆன் ஆகும், சத்தம் வரும், படம் மட்டும் தலைகீழாகவோ, நெகட்டிவ் மாதிரி நிறம் மாறியோ, இரண்டிரண்டாகவோ தெரியும். மெனுவையே படிக்க முடியாதபோது திரும்பச் சரிசெய்வது பெரும்பாடு.

ஆனால் இந்தச் சிக்கலுக்கு விடை ஃபைலை ஒளித்து வைப்பது இல்லை. ஃபைலின் தலைப்பகுதியில் "இது இந்தப் போர்டு, இந்தப் பேனலுக்கு மட்டும்" என்று சில பைட்டுகளில் எழுதி வைத்துவிட்டு, பொருந்தாவிட்டால் பெட்டியே மறுத்துவிடும்படி செய்தால் போதும். நல்ல கம்பெனிகள் இதை எப்போதோ செய்துவிட்டன. செய்யாதவர்கள்தான் "சர்வீஸ் ஆள் மட்டும்" என்கிறார்கள். தவிர, தப்பான ஃபைலைப் போடுபவர் வாடிக்கையாளர்தான் என்று யார் சொன்னது? 2017 ஆகஸ்டில் லாக்ஸ்டேட் என்ற ஸ்மார்ட் பூட்டு நிறுவனம், ஒரு மாடலின் ஃபர்ம்வேரை இன்னொரு மாடலுக்கு இணையம் வழியாகத் தானே அனுப்பிவிட்டது. சுமார் 500 பூட்டுகள் செயலிழந்தன. பூட்டின் பின்பகுதியைக் கழற்றி அனுப்பிச் சரிசெய்து வாங்க வேண்டியிருந்தது.

அடுத்த பயம் மின்வெட்டு. "பாதியில் கரண்ட் போனால் அவ்வளவுதான்" என்று எல்லோரும் சொல்வார்கள். இது பாதிதான் உண்மை, எந்தப் பாதி என்று தெரிந்துகொள்வது நல்லது. ஃபிளாஷ் மெமரியில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது. முதலில் ஒரு பிளாக்கை, சின்ன ரவுட்டர்களில் பொதுவாக 64 கேபி, முழுவதும் அழிக்க வேண்டும். அப்புறம் எழுத வேண்டும், பிறகு அடுத்த பிளாக். விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடமும் உள்ளே நடப்பது இதுதான். நடுவில் மின்சாரம் போனால் பாதி புதியது, பாதி பழையது, இடையில் வெறுமையாக ஒரு பிளாக். அந்த ஃபர்ம்வேர் எழுந்திருக்காது, சரி. ஆனால் ஃபிளாஷின் தொடக்கத்தில் தனியாக பூட்லோடர் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது அதுதான். சாதாரண அப்டேட் அந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை. பூட்லோடர் உயிரோடு இருந்து, "உள்ளே ஃபர்ம்வேர் சரியில்லை, வெளியிலிருந்து ஒன்றைக் கொடு" என்று கேட்கத் தெரிந்திருந்தால், பெட்டி சாகவில்லை, மயக்கத்தில்தான் இருக்கிறது. ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டால் ஒரு மீட்புப் பக்கம் திறக்கும் ரவுட்டர்களைப் பார்த்திருப்பீர்கள். அது பூட்லோடர் பேசுவது.

இன்னும் நல்ல வழி, ஃபர்ம்வேருக்கு இரண்டு இடம் ஒதுக்குவது. ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாமல் இன்னொரு இடத்தில் புதியதை எழுதி, அது சரியாக எழுந்தால் மட்டும் மாறிக்கொள்வது. எழாவிட்டால் பழையதுக்கே திரும்பிவிடும். ஆண்ட்ராய்டில் 2016-ல் 7.0 பதிப்போடு இந்த முறை வந்தது. இதற்கு விலை இரட்டிப்பு ஃபிளாஷ். 4 எம்பி, 8 எம்பி ரவுட்டரில் இடமே இருக்காது. ஆனால் கிகாபைட் கணக்கில் ஃபிளாஷ் இருக்கும் ஒரு ஸ்மார்ட் டிவியில் "இடமில்லை" என்றால் நான் நம்ப மாட்டேன்.

என் கருத்தின் மையமே இங்கேதான் இருக்கிறது. வாங்கியவர் அப்டேட் செய்யலாமா என்பதை விட, செய்தது கெட்டுப்போனால் அவர் வீட்டிலிருந்தே மீள வழி வைத்திருக்கிறார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மீள வழி இருந்தால் யார் போட்டாலும் பயமில்லை. வழி இல்லாவிட்டால் கம்பெனியே போட்டாலும் ஆபத்துதான். 2020 ஜூனில் சாம்சங் ப்ளூ-ரே பிளேயர்கள் ஏராளமாக ஒரே நேரத்தில் விடாமல் ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தன. வைத்திருந்தவர்கள் எதையும் தொடவில்லை. கடைசியில் பிளேயரையே அனுப்பித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இப்போது இரண்டாவது கேள்வி: வெளியார் எழுதிய ஃபர்ம்வேர். இதற்கு நல்ல முன்னுதாரணம் மேலே சொன்ன அதே லிங்க்சிஸ் ரவுட்டர். உள்ளே லினக்ஸ் ஓடுகிறது என்று சிலர் கண்டுபிடித்துக் கேட்க, ஜிபிஎல் உரிமத்தின்படி (அதன் கீழ் உள்ள நிரலை வைத்துப் பொருள் விற்பவர் அந்த நிரலையும் தர வேண்டும் என்கிற உரிமம்) 2003-ல் நிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதை அடிப்படையாக வைத்து 2004-ல் ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற வெளியார் ஃபர்ம்வேர் திட்டம் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. கம்பெனி கைகழுவிய எத்தனையோ ரவுட்டர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அங்கேதான் கிடைத்தன. 2017-ல் வைஃபையின் டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில் கிராக் என்ற ஓட்டை வெளிவந்தபோது, பழைய ரவுட்டர் வைத்திருந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

இதில் நியாயமான தடை ஒன்று இருக்கிறது: ரேடியோ. வைஃபை எந்த அலைவரிசையில், எவ்வளவு சக்தியில் ஒலிபரப்பலாம் என்பது நாட்டுக்கு நாடு சட்டம். 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வானிலை ரேடார்களும் இருக்கின்றன. ரவுட்டர் அவற்றைக் கவனித்து ஒதுங்க வேண்டும். அதை அணைத்துவிட்டால் கெடுவது உங்கள் இணைப்பு இல்லை, ரேடார். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி இதற்காக விதிகளை இறுக்கியபோது, சில நிறுவனங்கள் சுலபமான வழியாக மொத்த ஃபர்ம்வேரையும் பூட்டின. ஆனால் 2016-ல் டிபி-லிங்க் நிறுவனம் சக்தி வரம்பு மீறலுக்காக எஃப்சிசியோடு செய்துகொண்ட உடன்பாட்டில், 2 லட்சம் டாலர் கட்டியதோடு, வெளியார் ஃபர்ம்வேரைத் தன் ரவுட்டர்களில் அனுமதிக்க வழி பார்ப்பதாகவும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ரேடியோ பகுதியை மட்டும் பூட்டலாம், மற்றதைத் திறந்து வைக்கலாம் என்பது அதன் பொருள். தொழில்நுட்பப்படி அது முடியும். வைஃபை சிப்புக்குப் பெரும்பாலும் தனி ஃபர்ம்வேர் உண்டு.

பாதுகாப்பைக் காரணம் காட்டுவது அடுத்தது. பழைய வெர்ஷனுக்குத் திரும்ப விட்டால், அதில் இருக்கும் ஓட்டையும் கூடவே திரும்பும். அதனால் பின்னோக்கிப் போவதைத் தடுக்கிறோம் என்பார்கள். பாதி நியாயம். இணையம் வழியாக ஒருவன் உங்கள் கேமராவைப் பழைய வெர்ஷனுக்குத் தள்ள முடியக் கூடாது என்பது சரி. ஆனால் அவன் உங்கள் வீட்டுக்குள் வந்து பட்டனை அழுத்த முடியாது. பெட்டியின் முன் நின்று பட்டனை அழுத்தினால்தான் பழைய வெர்ஷனோ வெளியார் வெர்ஷனோ ஏறும் என்று வைத்தால் இந்த வாதம் பெரும்பாலும் கரைந்துவிடும். கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் லேப்டாப்களான குரோம்புக்குகளில் இது நடைமுறையில் இருப்பதுதான். டெவலப்பர் மோடுக்குப் போனால் உள்ளே இருந்த தரவு அழியும், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் எச்சரிக்கைத் திரை வரும். பழைய மாடல்களில் ஃபர்ம்வேரையே மாற்ற வேண்டுமானால் உள்ளே ஒரு திருகாணியைக் கழற்ற வேண்டும். தெரியாமல் யாரும் செய்துவிட முடியாது, தெரிந்து செய்பவரைத் தடுப்பதும் இல்லை.

பின்னோக்கிப் போகும் வழி வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. அப்டேட் என்றால் எப்போதும் ஏதாவது கூடும் என்று இல்லை, குறையவும் செய்யும். 2010 ஏப்ரலில் சோனி, பிளேஸ்டேஷன் 3-க்கு 3.21 வெர்ஷனைக் கொடுத்து, விற்கும்போது விளம்பரப்படுத்திய 'அதர் ஓஎஸ்' வசதியை, அதாவது வேறு இயங்குதளம் போட்டுக்கொள்ளும் வசதியை, நீக்கியது. 2016 செப்டம்பரில் ஹெச்பி பிரிண்டர்கள் பலவற்றில் அதுவரை வேலை செய்துகொண்டிருந்த வெளியார் கார்ட்ரிட்ஜ்கள் திடீரென்று ஏற்கப்படாமல் போயின. ஃபர்ம்வேர்தான் காரணம். காசு கொடுத்து வாங்கிய பொருளை விற்றவரே பின்னால் வந்து குறைக்க முடிகிறது, வாங்கியவரால் பழையபடி ஆக்க முடிவதில்லை. இதைப் பாதுகாப்பு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஆனால் தானியங்கி அப்டேட்டே வேண்டாம், எல்லாம் என் கையில் இருக்கட்டும் என்பவர்களோடும் நான் சேர மாட்டேன். பெரும்பாலானவர்கள் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தை மாட்டிய நாளோடு மறந்துவிடுகிறார்கள். 2018-ல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் சுமார் 5 லட்சம் ரவுட்டர்கள், சேமிப்புப் பெட்டிகளில் புகுந்தது. அமெரிக்க எஃப்பிஐ பொதுமக்களிடம் "ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள்" என்று கேட்கும் அளவுக்குப் போயிற்று. கேமரா, ரவுட்டர்களில் புகுந்த மிராய் என்ற தீநிரலின் 2016 தாக்குதலையும் இங்கே இழுப்பார்கள். அது புகுந்த வழி மாற்றப்படாத தொழிற்சாலைக் கடவுச்சொற்கள். ஆனால் அதில் சிக்கிய பல கேமராக்களில் அந்தக் கடவுச்சொல் ஃபர்ம்வேருக்குள்ளேயே பொதிந்திருந்தது, உரிமையாளர் நினைத்தாலும் மாற்ற முடியாது. ஆக, தானியங்கி அப்டேட் இயல்பாக ஆனில் இருக்கட்டும். வேண்டாம் என்பவர் அணைத்துக்கொள்ளட்டும். கையால் போட விரும்புபவருக்கு ஃபைல் கிடைக்கட்டும்.

சட்டமும் மெதுவாக இந்தப் பக்கம் நகர்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் டிவி, மானிட்டர்களுக்கு ஒரு விதி: ஒரு மாடலின் கடைசி யூனிட் சந்தைக்கு வந்ததிலிருந்து குறைந்தது எட்டு வருடம் அதன் ஃபர்ம்வேர் கிடைக்கச் செய்ய வேண்டும், பாதுகாப்புத் திருத்தமானால் இலவசமாக. அப்டேட்டால் மின்செலவு கூடக் கூடாது, கூடுமானால் வாங்கியவர் வெளிப்படையாகச் சம்மதிக்க வேண்டும். அப்டேட்டை மறுத்தார் என்பதற்காக டிவியின் செயல்திறன் மாறக் கூடாது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் எதுவரை வரும் என்பதை விற்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். டிஜிட்டல் பொருட்களின் பாதுகாப்புக்கான ஐரோப்பாவின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் 2027 டிசம்பர் 11 முதல் நடைமுறைக்கு வருகின்றன. அமெரிக்காவில் மென்பொருள் பூட்டை உடைத்து வேறு மென்பொருள் போடுவது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமாகாது என்ற விலக்கு ஸ்மார்ட் டிவிக்கு 2015-லும், ரவுட்டர்களுக்கு 2021-லும் கிடைத்தது. ஒன்றைக் கவனியுங்கள்: இந்த விலக்கு 'செய்தால் குற்றமில்லை' என்பதோடு நின்றுவிடுகிறது. 'செய்ய வழி கொடு' என்று கம்பெனியைக் கட்டாயப்படுத்துவதில்லை. அந்தக் கட்டாயத்துக்குக் கிட்டே வருவது 2007-ல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. வீட்டுப் பொருளில் அந்த உரிமத்தின் நிரலைப் பைனரியாக (கணினி ஓட்டும் வடிவில்) கொடுத்து விற்றால், மாற்றிய நிரலை அதில் நிறுவத் தேவையான விவரத்தையும் தர வேண்டும் என்கிறது. ஆனால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது, அதனால் நடைமுறையில் இதன் வீச்சு குறைவுதான்.

சூடாகும், சுழலும் பொருட்களுக்கு மேலே சொன்னதை அப்படியே நீட்ட மாட்டேன். மைக்ரோவேவ், வாஷிங் மெஷின், பேட்டரி சார்ஜர் ஆகியவற்றில் ஆளைக் காக்கும் வேலையை மென்பொருள் செய்தால், அந்த மென்பொருளுக்கென்றே ஐஇசி 60730 போன்ற தரநிலைகளில் தனிச் சோதனை உண்டு. அந்தப் பகுதியைப் பூட்டி வைப்பதை நான் எதிர்க்க மாட்டேன். திரை, வைஃபை, ஆப் இணைப்பு பார்க்கும் பகுதி வேறு சிப்பில் இருக்குமானால் அதைத் திறப்பதில் எனக்குத் தடை தெரியவில்லை. ஆனால் இது வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது, அந்தத் துறையில் வேலை செய்தவர் திருத்தினால் ஏற்பேன்.

பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல ரவுட்டர் போர்டுகளின் ஓரத்தில் வரிசையாக நான்கு துளைகள் இருக்கும், அதுதான் சீரியல் போர்ட். அனுப்புவது, வாங்குவது, கிரவுண்ட் என்று மூன்றை இணைத்தால் போதும், நான்காவது 3.3 வோல்ட் பின்னைத் தொட வேண்டாம். 115200 வேகத்தில் கம்ப்யூட்டரில் திறந்தால் பூட்லோடர் பேசுவது வரி வரியாக ஓடும். "நிறுத்த ஏதாவது ஒரு கீயைத் தட்டவும்" என்று ஒரு நொடி நிற்கும், அந்த நொடிதான் வாசல். சில கம்பெனிகள் அந்தக் காத்திருப்பைப் பூஜ்யமாக வைத்து வாசலை அடைத்துவிடுவார்கள். உள்ளே போனதும் முதல் வேலை முழு ஃபிளாஷையும் நகல் எடுப்பது. ஏனென்றால், தொழிற்சாலையில் ஒவ்வொரு ரவுட்டரின் ரேடியோவையும் தனித்தனியாக அளந்து எழுதிய திருத்த அளவுகள் அதில் ஒரு மூலையில் இருக்கும். அதை அழித்துவிட்டால் உலகத்தில் எந்த ஃபைலாலும் திருப்பித் தர முடியாது. இன்னொன்று: ஸ்மார்ட் ஸ்விட்ச், ஸ்மார்ட் பிளக் வகைகளில் டாஸ்மோட்டா மாதிரி ஃபர்ம்வேர் ஏற்றப் பலர் கிளம்புகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அவற்றில் பலவற்றின் உள் சர்க்யூட் வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிக்கப்படாதது. சுவரில் செருகியபடி சீரியல் வயரை இணைக்கவே கூடாது, உயிர் போகும்.

இனி உங்கள் டிவி. பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் முழு மாடல் எண்ணையும், செட்டிங்ஸில் இருக்கும் இப்போதைய வெர்ஷனையும் குறித்துக்கொள்ளுங்கள். மாடலுக்குப் பின்னால் வரும் கடைசி எழுத்துகள் வரை ஒன்றுவிடாமல், போர்டும் பேனலும் எது என்பது பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கம்பெனியின் தளத்தில் உங்கள் நாட்டுப் பக்கத்தில் டவுன்லோடு பகுதியைத் தேடுங்கள். பல நேரம் சர்வீஸ் சென்டர் இல்லை என்று சொல்லும் ஃபைல் அங்கே இருக்கும். இல்லாவிட்டால், யாரோ ஏற்றி வைத்த ஃபைல் கிடங்குகளுக்குப் போகாதீர்கள், தப்பான பேனல் ஃபைல்கள் கிடைப்பதே அங்கேதான். ஃபைல் கிடைத்தால், கம்பெனி எஸ்ஹெச்ஏ-256 எண் (ஃபைல் மாறாமல் வந்ததா என்று காட்டும் எண்) கொடுத்திருந்தால் ஒப்பிடுங்கள். பென் டிரைவை ஃபேட்32-ல் ஃபார்மட் செய்து, ஃபைல் பெயரை மாற்றாமல், அவர்கள் சொன்ன ஃபோல்டரில் வையுங்கள். இரண்டாவது முறை டவுன்லோடு செய்ததால் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட அடைப்புக்குறி 1 ஒன்றே போதும், டிவி ஃபைலைக் கண்டுகொள்ளாது. நடுவில் ஒரு வெர்ஷனைப் போட்டுவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும் என்று குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஃபைல் கிடைக்கவே இல்லையென்றால் போனில் வாதாட வேண்டாம், மின்னஞ்சலில் கேளுங்கள். தவறான பேனலுக்கான ஃபைலை இந்த டிவி தானே மறுக்குமா, அப்டேட் பாதியில் நின்றால் யூஎஸ்பி வழியாக மீட்க முடியுமா, முடியுமென்றால் எந்தப் பட்டன். இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால், ஃபைலைத் தர மறுக்க அவர்களிடம் தொழில்நுட்பக் காரணம் மிச்சமில்லை. இல்லை என்று வந்தால், நீங்களாகப் போட வேண்டாம். சர்வீஸ் ஆளையே வரச் சொல்லுங்கள், அவர் போடும்போது கெட்டுப்போனால் போர்டைக் கம்பெனியே மாற்றித் தர வேண்டும் என்பதை வேலை ஆரம்பிப்பதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.